காஜா மைதீன் அண்ணாச்சி எழுதியதும் நான் எழுதாததும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். தென்காசி மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் மைக்கில் மவுத் அறிவிப்பு வந்தது. முதல் தடவை சொன்னது காதில் சரியாக விழவில்லை. "மிக்ஸிக்கடை காஜா மைதீன் அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள். ஜனாஸா இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் செய்யப்படும்" என்று இரண்டாம் தடவை சொன்னபோது கையில் இருந்த காய் கீழே விழுந்துவிட்டது.

காய்க்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "நம்ம மிக்ஸி பாயா? ஐயோ, தங்கமான மனுசம்லா!" என்றார். கீழே விழுந்த காயை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "முன்ன ஏரோப்ளேன் கம்பெனியில பெரிய வேலையில இருந்தாராம். அங்கன என்னமோ தப்பு பண்ணிப்போட்டு, தொரத்தி விட்டுட்டாகளாம். நமக்கென்ன அதப் பத்தி? நல்லா ரிப்பேர் பாப்பாரு" என்றும் சொன்னார்.

"இல்லை, அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை" என்று அந்த அம்மாளிடம் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான். காய்க்காரம்மா எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். சொல்லவில்லை. முருங்கைக்காயைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, மேலகரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மிக்ஸிக்கடை காஜா மைதீன் என்று மைக்கில் சொன்னார்களே, அவர் விமானப் பராமரிப்பு என்ஜினியர். அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ் வைத்திருந்தவர். ஒரு விமானம் பறக்கலாம், பறக்கக் கூடாது என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அந்த அதிகாரம் போய், அவர் இங்கே வந்து மிக்ஸிக்கு கார்பன் மாற்றிக்கொண்டு உட்கார்ந்ததற்கு நான் காரணம். நான் ஒருத்தியே காரணம் என்று சொல்லிப் பெரிய ஆளாகப் பார்க்கவில்லை. ஆனால் நான் வாயைத் திறந்திருந்தால் அது நடந்திருக்காது. இரங்கல் கட்டுரையை இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். வேறு மாதிரி ஆரம்பித்தும் பார்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் கோமதி. சென்னையில் ஒரு சிறிய விமானக் கம்பெனியில் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். நாலைந்து விசிறி விமானங்களை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன ஊர்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற கம்பெனி அது. இப்போது இல்லை, மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு லாக் புக் உண்டு. ஓட்டி வந்த பைலட், விமானத்தில் என்ன குறை கண்டாரோ அதை அதில் எழுத வேண்டும். என்ஜினியர் அதைப் பார்த்து, சரி செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவரே ஒரு குறையைக் கண்டுபிடித்தாலும் எழுத வேண்டும். எழுதிய பக்கத்தின் கார்பன் நகல் ஒன்று தரையில் என்னிடம் இருக்கும், புத்தகம் விமானத்தோடு பறக்கும். நகல்களை வரிசைப்படுத்தி வைப்பது என் வேலை.

அண்ணாச்சி அங்கே வந்து சேர்ந்த முதல் வாரமே நான் தென்காசிக்காரி என்று கண்டுபிடித்துவிட்டார். போனில் அம்மாவிடம், "அங்கன மழை பெய்யுதா, அருவில தண்ணி விழுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் லாக் புக்கோடு நின்றவர், "ஏளா, நீ நம்ம ஊரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அன்றைக்கிருந்து பக்கத்தில் ஆள் இருந்தால் 'மேடம்', இல்லையென்றால் 'ஏளா'. எனக்கு அவர் அண்ணாச்சி. கூடப் பிறந்த அண்ணன் இல்லாத எனக்கு அது எவ்வளவு ஆசையாக இருந்தது என்று இப்போது சொல்லவே வாய் கூசுகிறது.

லீவில் ஊருக்குப் போனால் குற்றாலத்தில் இருந்து மங்குஸ்தான் வாங்கிவருவார். மற்றவர்கள் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இவர் பையை மேசையில் வைத்து, "பன்னெண்டு இருக்கு தாயி. அதுல மூணு வரும்போதே நசுங்கிட்டு. ஒண்ணு முதல்லயே கல்லு மாதிரிதான் இருந்திச்சு, நான் சரியாப் பாக்கல. எட்டுதான் கணக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். எட்டும் நன்றாகத்தான் இருக்கும். எங்கள் பிரிவில் எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். "பழத்துக்கும் லாக் புக் எழுதுதாரு" என்று நான்தான் முதலில் கேலி செய்தேன்.

இனி அந்தச் சின்ன நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாக் புக்கில் ஒரு குறையை எழுதிவிட்டால் அதைச் சரி செய்தாக வேண்டும். சில குறைகளைச் சில நாள் தள்ளிப்போடலாம், சிலதைத் தள்ளவே முடியாது. விமானம் நின்றுவிடும். நின்றால் மேலாளருக்குப் பிரஷர் ஏறிவிடும். அதனால் பைலட்டுகளும் என்ஜினியர்களும் பல குறைகளை எழுதாமல் வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். "இறங்கும்போது லேசா இடது பக்கம் இழுக்கு, பாத்துக்கிடுங்க" என்பார்கள். அடுத்த ஷிப்டுக்கு அது போய்ச் சேரும், சில நேரம் சேராது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒழுங்கு வேண்டும் எனக்கு. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, கோடு போட்டு, விமானத்தின் எண், குறை, தேதி என்று கட்டம் போட்டு, விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹாங்கரில் ஆணியில் தொங்கவிட்டேன். லாக் புக்கில் எழுத முடியாததை இதில் எழுதுங்கள் என்றேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். எல்லாரும் எழுதினார்கள். அரசாங்க ஆய்வாளர் வருகிற அன்றைக்கு மட்டும் நோட்டு என் மேசை டிராயருக்குள் போய்விடும்.

குறைகளை நாங்கள் மறைக்கவில்லை, வேறு இடத்தில் எழுதுகிறோம், அவ்வளவுதான் என்று நான் நம்பினேன். நிஜமாகவே நம்பினேன். அந்த ஹாங்கரில் நடந்த திருட்டுத்தனத்துக்குக் கட்டம் போட்டு அட்டை போட்டுக் கொடுத்தவள் நான் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

அண்ணாச்சி அந்த நோட்டைத் தொட்டதில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஏளா, அந்த நோட்டு யாரு ஏற்பாடு?"

"நான்தான் அண்ணாச்சி. ப்ளைட்டும் நிக்காது, குறையும் நமக்குத் தெரிஞ்சிரும்லா?"

"நமக்குத் தெரியும். டிக்கெட் எடுத்து ஏறி உக்காருதானே, அவனுக்கு?"

"அவனுக்கு லாக் புக்க மட்டும் காட்டவா செய்தோம்?"

"அவனுக்குக் காட்டாண்டாம். அவனுக்காகப் பாக்கிறதுக்கு அரசாங்கம் ஒரு ஆளு வச்சிருக்கு. அந்த ஆளு வரும்போது நீ நோட்ட எங்க வைக்க?"

நான் நகல்களை அடுக்க ஆரம்பித்தேன். அவர் தூக்கைத் திறந்து, "மீன் இருக்கு, நீ திங்க மாட்ட. ரசம் வேணும்னா ஊத்திக்கோ" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் கோபம். நல்லது செய்தால் இவருக்குப் பொறுக்கவில்லையே என்று வீட்டில் போய்ப் புலம்பினேன்.

பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. எல்லா விமானத்திலும் சீட்டு நிறைந்துவிட்டது. காலை பதினொரு மணிக்கு வந்து இறங்கிய விமானத்தைப் பார்த்த அண்ணாச்சி, லாக் புக்கில் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்: "இடது பிரதான சக்கரத்தின் பிரேக் குழாயில் எண்ணெய் கசிகிறது. கசிவு நிற்காமல் தொடர்கிறது. குழாய் மாற்றும்வரை பறக்கத் தகுதியில்லை." கீழே லைசென்ஸ் எண், கையெழுத்து. மாற்றுக் குழாய் கையிருப்பில் இல்லை. வெளியூரில் இருந்து வர ஐந்தாறு நாள் ஆகும்.

மேலாளர் வெயிலில் ஓடிவந்தார். பிரேக் எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டலாம், பொங்கல் கழித்து எழுதிக்கொள்ளலாம் என்றார். அண்ணாச்சி, "எழுதியாச்சே சார்" என்றார். "அதான் பிரச்னை" என்றார் மேலாளர். "கசியுறதுதான் சார் பிரச்னை. எழுதுனது நானு" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி மத்தியான லுஹர் தொழப் போய்விட்டார். அந்தச் சண்டையை என் அறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாக் புக்கில் ஒரு பக்கத்தைக் கிழிக்க முடியாது. பக்கங்களில் எண் அச்சடித்திருக்கும். ஆனால் புத்தகம் நனைந்து கெட்டுப்போனால் புதுப் புத்தகம் போடலாம். பழைய பக்கங்களை அப்படியே பெயர்த்து எழுதி, 'உண்மை நகல்' என்று பதிவேட்டுப் பிரிவு கையெழுத்துப் போட்டால் அது செல்லும். மேலாளர் மினரல் வாட்டர் பாட்டிலையும் லாக் புக்கையும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். என்னை மிரட்டினார் என்று எழுத எனக்கு ஆசைதான். மிரட்டவே இல்லை. "கோமதி, இத உங்களைத் தவிர வேற யாரும் அழகா எழுத முடியாது. உங்க கையெழுத்துக்குத்தான் ஆய்வாளரே மயங்குவார்" என்றார்.

அவ்வளவுதான். வேலை போய்விடும் என்ற பயமில்லை, சம்பளம் கூடும் என்ற ஆசையுமில்லை. ஒரு ஆள் என் கையெழுத்து அழகு என்று சொன்னார், நான் எழுதினேன். சே! இதைவிட மட்டமான காரணம் ஒன்று உண்டா? பதினொரு பக்கம். ஒவ்வொரு பைலட் எழுதியதையும் ஒரு எழுத்து பிசகாமல் பெயர்த்தேன். கடைசிப் பக்கத்தில் அண்ணாச்சி எழுதிய வரிக்கு வந்ததும் அதை விட்டுவிட்டு, 'குறை எதுவும் இல்லை' என்று எழுதினேன். என்னிடம் இருந்த அந்தப் பக்கத்தின் கார்பன் நகலை நானே காகிதம் நறுக்கும் மெஷினில் போட்டேன். கீழே 'உண்மை நகல்' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். மேலாளர் பாட்டில் தண்ணீரைப் பழைய புத்தகத்தின் மேல் ஊற்றினார். பிற்பகல் மூன்று மணிக்கு விமானம் கிளம்பிப் போய்விட்டது.

அந்த விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் ஊற்றி ஊற்றி ஓட்டினார்கள். குழாய் வந்ததும் வழக்கமான மாற்றம் என்று எழுதி மாற்றிவிட்டார்கள். யாரும் சாகவில்லை. யாரும்தான் சாகவில்லையே, யாரும்தான் சாகவில்லையே என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு சோறு தின்றிருக்கிறேன்.

அண்ணாச்சி அரசாங்க ஆய்வாளருக்கு எழுதிப்போட்டார். விசாரணை வந்தது. ஒரு நீள மேசை. ஒரு பக்கம் மூன்று அதிகாரிகள், எதிரே மேலாளர், நான், அண்ணாச்சி. நனைந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் கூழாகிப்போய்விட்டன, படிக்க முடியவில்லை. அதிகாரி என்னிடம் கேட்டார்: "காஜா மைதீன் குறையை எழுதியதாகச் சொல்கிறார். அப்படி ஒரு பதிவை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்க்கவில்லை" என்றேன்.

அண்ணாச்சி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் ஒரு கோபம் கிடைத்திருக்கும். அவர் அதிகாரியைப் பார்த்து, "அவுங்க பாக்கலன்னு சொல்லுதாங்க, எழுதிக்கிடுங்க சார். நான் எழுதுனேன்னு சொல்லுதேன், அதையும் எழுதிக்கிடுங்க. ரெண்டையும் எழுதுங்க" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரிகள் இரண்டையும் எழுதவில்லை. நிர்வாகத்தின் மேல் பொய்ப் புகார் என்று எழுதினார்கள். கம்பெனி அவரை வேலையை விட்டு நீக்கியது. பொய்ப் புகார் கொடுத்தவர் என்ற பெயரோடு வேறு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. கிளம்பும் அன்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாராம். நான் அன்றைக்கு லீவு போட்டிருந்தேன்.

தென்காசியில் கூலக்கடை பஜார் பக்கம் ஒரு சந்தில் மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை போட்டார். அந்தக் கடையைப் பற்றி ஊரில் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரிப்பேர் ஆன மிக்ஸியோடு ஒரு சீட்டும் தருவார். 'மொத்தம் நாலு குறை. மூன்று சரி செய்யப்பட்டது. மூடியின் ரப்பர் தேய்ந்திருக்கிறது, கிடைக்கவில்லை, மூடியைக் கையால் பிடித்துக்கொள்ளவும்.' ஓடுகிற மிக்ஸியில் போய்க் குறை சொல்கிறாரே என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. "விக்கப் போனா இந்தச் சீட்டக் காட்டுனா எவன் வாங்குவான்?" என்று ஒருத்தர் கேட்டதற்கு, "வாங்குதவன்ட்ட காட்டத்தான்வே சீட்டு" என்றாராம். இதெல்லாம் நான் கேள்விப்பட்டது. வேலை ஓய்வுக்குப் பிறகு மேலகரத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சந்துக்குள் ஒரு நாளும் நான் போனதில்லை. என் மிக்ஸி ரிப்பேர் ஆனால் செங்கோட்டை வரை தூக்கிக்கொண்டு போவேன்.

ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்தோம். மூன்று வருஷத்துக்கு முன், ஆடி மாதம், குற்றாலத்தில் நல்ல சீசன். என் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். மெயினருவிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜில் அறை போட்டிருந்தேன். நாங்கள் பையோடு உள்ளே போகும்போது வரவேற்பறையில் கூச்சல். லாட்ஜ்காரர் கத்திக்கொண்டிருந்தார். எதிரே, சட்டையெல்லாம் சாரலில் நனைந்து, கையில் டெஸ்டரோடு அண்ணாச்சி நின்றார்.

தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்தவர், மாடி அறைகளில் வெந்நீர் போடும் ஹீட்டரில் கரண்டு கசிவதைக் கண்டுபிடித்திருக்கிறார். 'மாடிக் குளியலறைகளில் மின்கசிவு உள்ளது. சரி செய்யும்வரை ஹீட்டர் போடக் கூடாது' என்று சீட்டு எழுதி வரவேற்பு மேசையில் ஒட்டிவிட்டார்.

"வேய், மோட்டாரப் பாக்கத்தான உம்ம கூப்புட்டேன்? சீசன்ல வந்து என் பொழப்புல மண்ணப் போடுதீரே! சீட்டக் கிழியும்வே!"

"ஒயர மாத்தும், நானே கிழிச்சிருதேன்."

"ரெண்டு நாள் கழிச்சு மாத்துதேன்னு சொல்லுதேம்லா? அதுவரைக்கும் வாய மூடிட்டு இருக்க முடியாதா உம்மால?"

கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. லாட்ஜ்காரர் எங்களைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கம்மா, ஊரு உலகத்துல எந்த லாட்ஜுல ஷாக் அடிக்கல? இந்தாளு விவரம் தெரியாம உளறுதாரு" என்றார். விவரம் தெரியாதவராம்! இவர் யார் தெரியுமா, விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டவர், இவர் கசிகிறது என்று சொன்னால் கசிகிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள்.

நான் தங்கையின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். ஐந்தருவிப் பக்கம் வேறு லாட்ஜில் அறை பிடித்தேன். மாடி அறைகளில் மற்ற குடும்பங்கள் இருந்தன. என் ஆட்களை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து, விட்டுப்போன குடையை எடுக்க நான் மட்டும் திரும்பிப் போனேன். அண்ணாச்சி வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே லாட்ஜ்காரர் யாருக்கோ போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். மாடிக்குப் போகிற லைனின் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒயர்க்காரன் வந்தால்தான் தருவேன் என்று அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார்! அந்த வயதில், அந்தச் சாரலில். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஏளா கோமதி, சொகமா இருக்கியா?" என்றார்.

"இருக்கேன் அண்ணாச்சி."

"ஒன் ஆளுகள வேற எடத்துக்கு மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"நல்லது" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நல்லது என்றுதான் சொன்னார். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. குடையை எடுத்துக்கொண்டு, "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மவுத் செய்தி கேட்ட அன்று வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு போனேன். பெண்கள் இருந்த அறையில் அவர் மனைவி ஜமீலா மதினி என் பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "ஒங்களப் பத்திச் சொல்லுவாக. ஊருப் பிள்ள, தங்கச்சி மாதிரின்னு சொல்லுவாக. ஒங்க எழுத்த மாதிரி ஒரு எழுத்த பாத்ததே இல்லம்பாக" என்றார். கெட்டுப்போன பழத்தைக்கூட எண்ணிச் சொல்லிவிடுகிற மனிதர், என்னைப் பற்றித் தன் வீட்டில் ஒரு குறைகூடச் சொல்லவில்லை.

மகள் நஸ்ரின் ஆலங்குளம் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் அஸருக்கு ஜனாஸாவை எடுத்துப்போன பிறகு, அழுது வீங்கிய முகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டு முறைப்படி வாப்பாவின் தங்கை மாமி.

"மாமி, வாப்பா போய்ட்டிருந்த வாசகர் வட்டத்துல அவுங்களுக்கு நினைவு மலர் போடுதாங்க. கடையப் பத்தி எழுத ஊர்ல ஆள் இருக்கு. ஏரோப்ளேன் வேலையப் பத்தி எழுத ஒங்கள விட்டா யாரும் இல்ல. எழுதித் தாரீங்களா?"

"எழுதுதேன்மா."

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கடைசியில வாப்பா அங்க ஏதோ தப்பு பண்ணிட்டாங்கல்லா, வேலை போச்சே, அது மட்டும் வேண்டாம். எங்களுக்கே அது என்னன்னு தெரியாது. கேட்டா சொல்ல மாட்டாங்க. ஏற்கெனவே அதனால எனக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம் தட்டிப்போச்சு. அத மட்டும் விட்டுட்டு எழுதுங்க மாமி."

விட்டுட்டு எழுதுங்க. ஊரார் சொல்வது இருக்கட்டும், பெற்ற மகளே தகப்பன் தப்பு செய்தவர் என்று நம்பி, அதை மூடிவைக்க என்னிடம் கெஞ்சுகிறாள். என்னிடம்!

முதலில் அவள் கேட்டபடியே எழுதினேன். நாலு பக்கம். ஊர்ப் பாசம், மங்குஸ்தான், அவருடைய திறமை, ஒழுக்கம். அழகாகத்தான் வந்தது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, 'சில காரணங்களால் சொந்த ஊர் திரும்பினார்' என்று ஒரு வரி இருந்தது. அதே கை, அதே அழகான எழுத்து. பேனாவை வீசிவிட்டேன். மூன்று நாள் அந்தக் காகிதத்தின் பக்கமே போகவில்லை. பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நீங்கள் இப்போது படிப்பதை எழுதினேன். இதில் உள்ளதை விமானத் துறை அலுவலகத்துக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பதில் வருமா, வராதா, தெரியாது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் நஸ்ரினிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. அவள் நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு மறுபடியும் விசாரணை நடந்த பக்கத்துக்குப் போனாள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தம் தட்டிப்போன அன்னைக்கு நான் வாப்பாகூடச் சண்டை போட்டேன்" என்றாள். "நீங்க ஒழுங்கா வேலை பாத்திருந்தா எனக்கு இந்தக் கேவலம் வருமான்னு கேட்டேன். வாப்பா தட்டுல இருந்த சோத்த அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்த வார்த்தைய இப்ப நான் யாருகிட்டப் போய்த் திருப்பி வாங்கிக்கிட?"

காகிதங்களை அடுக்கி என் கையில் கொடுத்தாள். "ஒரு வரி விடாமப் போடச் சொல்லுங்க. நான் இப்பச் சொன்னதையும் சேத்து எழுதுங்க. நீங்க மட்டும் இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க." கேட் வரைக்கும் கூட வந்தாள். நான் தெருவில் இறங்கியதும் கொண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அவள் சொன்னபடியே சேர்த்து எழுதிவிட்டேன் அண்ணாச்சி. மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. அன்றைக்கு அந்த மேசையில் அதிகாரி என்னிடம் கேட்டார். அதற்கு இன்றைக்குத்தான் பதில் சொல்கிறேன், நீங்கள் கேட்க இல்லாதபோது. நீங்கள் எழுதினீர்கள். நான் பார்த்தேன். போய் வாருங்கள், அண்ணாச்சி.